நிக்கல் கலப்புலோகம்: காந்தத்தை நம்பி வாங்கலாமா?

பழைய உலோகம் வாங்கி விற்கும் நம்மவர்கள் பலரின் சட்டைப் பையில் சிறு காந்தம் ஒன்று இருக்கும். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் ஸ்டெய்ன்லஸ் ஸ்டீல். அன்றாட வியாபாரத்துக்கு இது ஓரளவு போதும். நிக்கல் கலப்புலோகங்களிடம் இந்தக் கணக்குப் பலிக்காது.

மொனல் 400 என்பதை எடுத்துக்கொள்வோம். இதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிக்கல். மீதியில் பெரும்பகுதி செம்பு. கனடாவின் சட்பரி சுரங்கங்களில் இவ்விரண்டும் ஒரே தாதுவில் கலந்து கிடைத்தன. பிரித்தெடுக்கும் செலவு எதற்கு என்று சேர்த்தே உருக்கியதில் பிறந்தது இது. 1906இல் காப்புரிமை பெற்றார்கள். ஓடும் கடல்நீர் இதை மிக மெதுவாகவே அரிக்கும். அதனால் படகுத் தண்டு, பம்பு, வால்வு போன்றவற்றுக்குப் போகிறது. இதன் காந்தத் தன்மையோ 20 முதல் 50 பாகை செல்சியஸுக்குள் மறைந்துவிடும். குளிரூட்டிய அறையில் காந்தத்தில் ஒட்டிய துண்டு, வெயிலில் கிடந்த பின் ஒட்டாமல் போகலாம். காந்தத்தை மட்டும் நம்பினால் மொனலை இரும்பு விலைக்கு விட்டுவிடும் ஆபத்து உண்டு.

விலை கூடியது எதையும் தாங்கும் என்பதும் தவறான எண்ணம். மொனல் ஐதரோபுளோரிக் அமிலத்தைத் தாங்கும். நைத்திரிக் அமிலத்திடம் தோற்றுவிடும். அங்கே விலை குறைந்த 304 ஸ்டெய்ன்லஸே நின்று பிடிக்கும். ஐதரோகுளோரிக் அமிலத்துக்கு ஹஸ்டலோய் சி-276 தேடுவார்கள். அதில் நிக்கலுடன் மொலிப்டினமும் குரோமியமும் ஏறக்குறைய 16 வீதம் வீதம் உண்டு. ஆகவே வாங்க வருபவரிடம் என்ன திரவம், எவ்வளவு சூடு, ஓடுகிறதா தேங்கி நிற்கிறதா என்று முதலில் கேளுங்கள். தேங்கிய கடல்நீரில் மொனலிலும் குழி விழும்.

சரக்கு சரியாக இருந்தும் பட்டறையில் கெட்டுப்போவதுண்டு. பழி வந்து விழுவது விற்றவர் தலையில்தான். இந்த உலோகங்களை வெட்ட வெட்ட மேற்பரப்பு இறுகிக்கொண்டே போகும். லேத்தில் மழுங்கிய கருவியால் தேய்த்துக்கொண்டு நின்றால், அடுத்த வெட்டுக் கருவியையே தின்றுவிடும். வேகத்தைக் குறைத்து, கூரான கருவியால், இடையில் நிறுத்தாமல் ஆழமாக வெட்ட வேண்டும். குளிர்விக்கும் திரவமும் தாராளமாகப் பாய வேண்டும்.

சூடாக்கும்போது எதிரி கந்தகம். கிரீஸ், வெட்டும் எண்ணெய், அடையாளமிட்ட பெயின்ட் ஆகியவற்றில் இருக்கும் கந்தகமும் ஈயமும் சூட்டில் உள்ளே ஊறி வெடிப்பை உண்டாக்கும். வெல்டிங் செய்யுமுன் மூட்டைச் சுற்றி ஓர் அங்குலமாவது பளிச்சென்று துப்புரவாக்க வேண்டும். மொனலுக்கு நிக்கல்-செம்புக் கம்பிதான் பொருத்தம். கையிலிருக்கும் ஸ்டெய்ன்லஸ் கம்பியால் ஒட்டி முடிப்பது கூடாது.

நிக்கல் விலையையும் கவனிக்க வேண்டும். 2022 மார்ச் 8ஆம் திகதி லண்டன் உலோகச் சந்தையில் தொன் ஒன்று ஒரு இலட்சம் டொலரைத் தாண்டியது. வியாபாரத்தையே நிறுத்தி, அன்றைய கொடுக்கல் வாங்கல்களை ரத்துச் செய்தார்கள். விலை கேட்டு வருபவருக்கு எத்தனை நாளைக்கு அந்த விலை என்று எழுதிக் கொடுப்பது நல்லது.

எக்ஸ் கதிர்த் துப்பாக்கியால் சோதித்தால் நிக்கல், செம்பு, குரோமியம் எவ்வளவு என்று உடனே தெரியும். காபனை அது காட்டாது. சி-276இல் காபன் 0.01 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. கூடினால் வெல்டிங் ஓரம் அரிக்கும். ஆகவே ஆலைச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள உருக்கு இலக்கமும் கம்பியில் அடித்திருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். வெட்டி விற்கும்போது இலக்கமில்லாத முனையிலிருந்து வெட்டுங்கள். வெட்டிய துண்டிலும் அதே இலக்கத்தை அடித்துக் கொடுங்கள்.