திரும்பி வருவேன் என்று சொல்லாத அன்பு



வரவேற்கத் தெரிந்த அளவுக்கு விடைபெற நமக்குத் தெரிவதில்லை. விருந்தினர் வந்தால் வாசல்வரை ஓடிச் செல்கிறோம். புறப்படும் நாள் நெருங்கியதும் கலங்கிப் போகிறோம். அக்கலக்கத்தை மறைப்பதற்காக, நிறைவேற்ற முடியுமா என்று எண்ணிப் பாராமலே வாக்குறுதிகளை அள்ளி வழங்குகிறோம். "அடுத்த வருடமே வந்துவிடுவேன்" என்பது அவற்றுள் முதன்மையானது. அன்பினால் பிறக்கும் இச்சிறு சொல் சில வேளைகளில் எத்துணை ஆழமான காயத்தை ஏற்படுத்திவிடுகிறது என்பதை இன்று சிந்திப்போம்.

உங்கள் மனக்கண் முன் ஓர் இளம்பெண்ணை நிறுத்துங்கள். தொண்டராகப் பணியாற்றுவதற்கென வடகிழக்குப் பிரேசிலின் சியரா மாநிலத்துக்கு வந்தவள் அவள். உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றில், ஓர் எளிய குடும்பத்தோடு தங்கியிருக்கிறாள். தை மாதம் வந்தவளுக்கு ஆறு மாதங்கள் நிறைவுறப் போகின்றன. எஞ்சியிருப்பவை மூன்றே வாரங்கள்.

அந்த வீட்டுக்குள் நாம் நுழைந்தால் முற்றிலும் அந்நியமாய் உணரமாட்டோம். கதிரை, மேசை, யன்னல், அலுமாரி, சப்பாத்து என நாம் நாளாந்தம் வழங்கும் சொற்கள் போர்த்துக்கேய மொழியிலிருந்து நமக்கு வந்தவை. பிரேசில் மக்கள் பேசுவதும் அம்மொழியே. அவர்களின் காலை மேசையில் இருக்கும் பாணுக்கும் நமது பாணுக்கும் பெயர் ஒன்றே. அங்கே பிள்ளைகள் உறங்கச் செல்லும்போதும் வெளியே புறப்படும்போதும் தாய் தந்தையரிடம் ஆசி கேட்பார்கள். "இறைவன் உன்னை ஆசீர்வதிப்பாராக" எனப் பெற்றோர் மறுமொழி கூறுவார்கள். மாலைச் செபம் முடிந்ததும் பெரியோருக்குத் தோத்திரம் சொல்லி வளர்ந்த நம்மவர்க்கு இவ்வழக்கம் நன்கு விளங்கும்.

அவ்வீட்டுத் தாய், கத்தோலிக்கத் திருச்சபையின் சிறுவர் மேய்ப்புப் பணியில் ஈடுபட்டிருப்பவர். 1983ஆம் ஆண்டு பரனா மாநிலத்தின் புளோரஸ்தோப்பொலிஸ் என்னும் ஊரில், சில்டா ஆர்ன்ஸ் என்ற குழந்தை மருத்துவரால் தொடங்கப்பெற்ற பணி இது. அயலிலுள்ள தாய்மார்களே தொண்டர்களாகி, கர்ப்பிணிகளையும் ஆறு வயது வரையான பிள்ளைகளையும் வீடு வீடாகச் சென்று சந்திக்கின்றனர். வயிற்றோட்டத்தால் வாடும் குழந்தைக்குச் சீனியும் உப்பும் கலந்த நீரை ஆக்கிக் கொடுக்கக் கற்பிக்கின்றனர். பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டி நிறை பார்க்கின்றனர். நமது இளம் தொண்டர் இத்தனை மாதங்களாக அந்தத் தாயின் கூடவே நடந்து, நிறைகளைக் கொப்பியில் பதிந்து வந்தவள்.

ஆனி மாதம் பிறந்துவிட்டது. வடகிழக்குப் பிரேசிலில் இது பெருவிழாக்களின் காலம். 13ஆம் திகதி புனித அந்தோனியார், 24ஆம் திகதி திருமுழுக்கு யோவான், 29ஆம் திகதி புனித பேதுரு என விழாக்கள் தொடர்கின்றன. பங்குனி 19இல் புனித யோசேப்பு திருநாளையொட்டி விதைத்த சோளம் இப்போது முற்றியிருக்கிறது. சோளத்தை அரைத்து, அதன் மடலிலேயே பொதிந்து அவித்த பண்டங்கள் வீடுதோறும் மணக்கின்றன.

அந்தோனியார் திருநாளன்று ஆலயத்தில் மந்திரித்த பாணை அத்தாய் வீட்டுக்குக் கொணர்கிறார். உணவுக்குக் குறைவு வராதிருக்க அதை மாப் பேணிக்குள் வைப்பது அவ்வூர் வழக்கம். அவரோ அதை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியைத் துணியில் சுற்றித் தொண்டரின் கையில் கொடுக்கிறார். "உங்களிடம் இருப்பதே குறைவு, எனக்கு வேண்டாம்" என மறுக்க வாயெடுத்தவள், சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறாள். தம் சீடரை அனுப்பியபோது ஆண்டவர், ஏற்றுக்கொண்ட வீட்டிலேயே தங்குங்கள், அவர்கள் தருவதை உண்ணுங்கள் என்று பணித்ததை லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கொடுக்க வந்தவர் பெற்றுக்கொள்ளவும் கற்க வேண்டும் அல்லவா?

அன்றிரவுதான் அந்தத் தாய் நெடுநாளாக மனதில் வைத்திருந்ததைச் சொல்கிறார். "மகளே, உன் மனம் நல்லது. ஆனால் என் சின்னவளிடம் திரும்பி வருவேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. உனக்கு முன்னர் ஒருவர் இங்கே தங்கியிருந்தார். அவரும் நல்லவர். வருவதாகச் சொல்லிச் சென்றார். இரண்டு வருடங்களாக, பேருந்தின் சத்தம் கேட்கும்போதெல்லாம் இவள் வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தாள்."

வாசகர்களே, அந்த முன்னவர் பொய் சொல்ல எண்ணியிருக்கமாட்டார். பிரியும் வேளையில் தம் நெஞ்சின் வலியைத் தணிக்க ஒரு சொல் அவருக்குத் தேவைப்பட்டது. அதன் விலையைச் செலுத்தியவளோ ஒரு சிறு பிள்ளை.

இவ்விடத்தில் புனித பவுலடியாரை நினைத்துப் பாருங்கள். எபேசில் மூன்றாண்டுகள் உழைத்த அவர், மிலேத்து என்னும் இடத்தில் அந்தச் சபையின் மூப்பர்களை அழைத்து விடைபெற்றதைத் திருத்தூதர் பணிகள் நூலின் 20ஆம் அதிகாரம் கூறுகிறது. திரும்பி வருவேன் என அவர் ஆறுதல் சொல்லவில்லை. இனித் தம் முகத்தைக் காணமாட்டார்கள் என்றே வெளிப்படையாகச் சொன்னார். பின்பு அவர்களை இறைவனிடம் ஒப்படைத்து, முழந்தாளிட்டு அவர்களோடு செபித்தார். அவர்கள் அழுதார்கள், அவரைக் கட்டித் தழுவினார்கள், கப்பல்வரை சென்று வழியனுப்பினார்கள். உண்மை அங்கே அன்பைக் குறைத்துவிடவில்லை.

அடுத்த வாரம் பிள்ளைகளின் நிறை பார்க்கும் நாள் வருகிறது. கொப்பியை அவ்வூர்ப் பெண்ணொருத்தியிடம் கொடுத்துவிட்டுத் தொண்டர் அருகே அமர்கிறாள். புதியவள் தடுமாறுகிறாள், இலக்கத்தைப் பிழையாக எழுதிவிட்டு அழிக்கிறாள். பேனாவைப் பிடுங்கித் தானே எழுதிவிடக் கை துடிக்கிறது. ஆயினும் கைகளைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் காத்திருக்கிறாள். தான் இல்லாமலும் நடைபெறக்கூடிய பணியே உண்மையான பணி என்பதை அந்த ஒரு மணி நேரம் அவளுக்குக் கற்பிக்கிறது. இப்பணியைத் தொடங்கிய சில்டா ஆர்ன்ஸ் அம்மையார், ஹெயிட்டி நாட்டவருக்கும் இதனை எடுத்துரைக்கச் சென்றிருந்த வேளை, 2010ஆம் ஆண்டு தை 12ஆம் திகதி நிகழ்ந்த நிலநடுக்கத்தில் உயிர்நீத்தார். அவர் தொடங்கிய பணியோ நின்றுவிடவில்லை.

இனி யோவான் திருநாளின் முன்னிரவு. வீட்டு வாசல்தோறும் தீ மூட்டப்படுகிறது. அத்தீயைச் சுற்றி வந்து, யோவானையும் பேதுருவையும் சாட்சியாக வைத்து ஒருவரையொருவர் ஞான உறவினராக்கிக்கொள்வது அம்மக்களின் தொன்மையான வழக்கம். இது திருவருட்சாதனம் அன்று. ஆயினும் அந்த உறவைப் பலர் வாழ்நாள் முழுதும் மதிக்கின்றனர். சின்னவள் ஓடி வந்து தொண்டரின் கையைப் பிடிக்கிறாள். "நீ எனக்கு ஞானத்தாய் ஆகு" என்கிறாள்.

தொண்டர் தாயைப் பார்க்கிறாள். தாய் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பிள்ளையின் முன் மண்டியிட்டு இவ்வாறு கூறுகிறாள்: "அடுத்த கிழமை நான் போய்விடுவேன். திரும்பி வருவேனா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நாள்தோறும் இரவில் உன் பெயரைச் சொல்லிச் செபிப்பேன். ஒவ்வொரு யோவான் திருநாளுக்கும் உனக்குக் கடிதம் எழுதுவேன். இவ்வளவுதான் என்னால் முடியும். உனக்குப் போதுமா?"

பிள்ளை நெடுநேரம் யோசிக்கிறது. பிறகு கேட்கிறது: "எத்தனை மணிக்குச் செபிப்பாய்?"

"இங்கே எட்டு மணியாகும்போது."

"அப்படியானால் நானும் எட்டு மணிக்கு."

இருவரும் கைகோத்துத் தீயைச் சுற்றி வருகிறார்கள்.

பேதுரு திருநாளுக்கு மறுநாள் காலை, பயணப்பையோடு வாசலில் நிற்கும் தொண்டர், ஆறு மாதமாகக் கூச்சத்தால் கேட்காதிருந்ததைக் கேட்கிறாள். அந்தத் தாயின் முன் தலைகுனிந்து, அவ்வீட்டுப் பிள்ளைகளைப் போலவே ஆசி கேட்கிறாள். தாய் ஆசி வழங்குகிறார். பேருந்து வருகிறது, போகிறது. அதன் பின்னர் பேருந்தின் சத்தம் கேட்டாலும் சின்னவள் வாசலுக்கு ஓடுவதில்லை. எட்டு மணிக்கு முழந்தாளிடுகிறாள்.

அன்பானவர்களே, பிரிவை அறியாத குடும்பம் நம்மிடையே அரிது. தொலைதூரம் சென்ற பிள்ளைகள், இடமாற்றம் பெற்ற ஆசிரியர்கள், பங்கைவிட்டுச் செல்லும் குருக்கள், துறவியர் என எத்தனையோ விடைபெறல்களை நாம் கண்டிருக்கிறோம். அவ்வேளைகளில் நாம் சொல்லிய சொற்களை இன்றிரவு சற்று எண்ணிப் பார்ப்போம். நிறைவேற்றாத வாக்கொன்றை நம்பி இன்னும் யாரேனும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா? இருந்தால், ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ மூலம் உண்மையைச் சொல்லுவோம். பெரிய வாக்குறுதியைக் கைவிட்டு, காக்கக்கூடிய சிறிய வாக்குறுதியொன்றைக் கொடுப்போம். அதை நாள்தோறும் காத்துக்கொள்ளும் வரத்தை இறைவனிடம் வேண்டுவோம்.