முட்டை உடையாத கார்! குண்டும் குழியுமான சாலைக்கு எதைப் பார்த்து வாங்குவது?

‘எங்கள் ஊர்ச் சாலை குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. அவசரத்துக்கு வேகமாகப் போக வேண்டும். வீட்டுப் பெரியவர்களுக்கு முதுகும் வலிக்கக் கூடாது. எந்த கார் வாங்கலாம்?’ கார் வாங்கும் யோசனையில் இருக்கும் விவசாயிகள் பலரும் கேட்கும் கேள்வி இது.

டிராக்டர் வாங்குவதென்றால் குதிரைத்திறன், ஹைட்ராலிக், டயர் அளவு என்று பத்துப் பேரிடம் விசாரிப்பவர்கள்கூட, கார் என்று வந்ததும் நிறத்தையும் தொடுதிரையையும் பார்த்து முன்பணம் கொடுத்துவிடுவது உண்டு. ஐந்து, ஏழு ஆண்டுகளுக்குத் தவணை கட்டப்போகிற வண்டி அது. வாங்கிய பிறகு ‘தூக்கித் தூக்கிப் போடுகிறதே’ என்று வருந்தினால் அந்தப் பணத்துக்கும் முதுகுக்கும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். எனவே, முன்பணம் கொடுப்பதற்கு முன்பு பார்க்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வேகம் எது?

விளம்பரங்களில் சொல்லப்படும் வேகம் நான்குவழிச் சாலைக்கானது. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போடப்படும் சாலையின் தார்ப் பரப்பு பெரும்பாலும் 3.75 மீட்டர் அகலம்தான். எதிரே டிராக்டர் வந்தால் ஓரம் இறங்கித்தான் ஆக வேண்டும். இங்கே மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் எதற்கும் உதவாது.

ஊரிலிருந்து டவுனுக்கு 18 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நல்ல இடத்தில் 70-ல் பறந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிரேக் அடித்து ஊர்ந்து போகும் காரின் சராசரி வேகம் 30 என்றால், 36 நிமிடம் ஆகும். பள்ளங்களை உள்வாங்கிக்கொண்டு சீராக 40-ல் போகும் காருக்கு 27 நிமிடம் போதும். மருத்துவமனைக்குப் போகும் நேரத்தில் அந்த 9 நிமிடம் பெரிது. ஆக, கிராமச் சாலையில் வேகத்தைத் தருவது பெரிய இன்ஜின் மட்டுமல்ல. அதிர்வைத் தாங்கும் அடிப்பகுதியும்தான். அந்தச் சாலையில் சொகுசான காரே வேகமான கார்.

விவசாயிக்காகவே பிறந்த கார்

இந்த உண்மையை 1930-களிலேயே புரிந்துகொண்டவர், பிரான்ஸ் நாட்டின் சிட்ரோயன் கார் நிறுவனத்தை நடத்திய பியர் பூலான்ஷே. குதிரை வண்டியை நம்பியிருந்த அந்நாட்டு விவசாயிகளுக்கு ஒரு கார் வேண்டும் என்று தன் பொறியாளர்களிடம் அவர் கேட்டார். இரண்டு விவசாயிகள், 50 கிலோ உருளைக்கிழங்குடன் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோலுக்கு மேல் குடிக்கக் கூடாது. உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு போனாலும் முட்டை உடையக் கூடாது. இவைதான் நிபந்தனைகள்.

உலகப்போரால் தாமதமாகி, 1948-ம் ஆண்டு பாரிஸ் கார் கண்காட்சியில் ‘2சிவி’ என்ற பெயரில் அந்த கார் வந்தது. இன்ஜின் வெறும் 375 சிசி. திறன் 9 குதிரைத்திறன். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஸ்பிரிங் மூலம் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தன. முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதே, பின்பக்கம் அதற்கேற்ப வண்டியைச் சமன் செய்தது. சக்கரங்கள் மேலும் கீழும் நன்றாக ஏறி இறங்கும்படி இருந்தன. 1990 வரை அந்த கார் தயாரிப்பில் இருந்தது. இன்ஜினைவிட ஸ்பிரிங்கும் சக்கரமும் முக்கியம் என்பதுதான் அது சொல்லும் பாடம். நம் ஊரில் 2014 வரை தயாரான அம்பாசிடரை இன்றும் பெரியவர்கள் புகழ்வதற்கும் மெத்தென்ற அதன் ஓட்டமே காரணம்.

முதலில் டயரைப் பாருங்கள்

பள்ளத்தின் அடியை முதலில் வாங்குவது டயர். அதன் பக்கச்சுவர் எவ்வளவு உயரமோ, அவ்வளவு அதிர்வை அதுவே விழுங்கிவிடும். இதை டயரில் எழுதியிருக்கும் எண்ணை வைத்தே கணக்கிடலாம். ‘165/80 ஆர்14’ என்று இருந்தால், டயரின் அகலம் 165 மில்லிமீட்டர். அதில் 80 சதவிகிதம் பக்கச்சுவரின் உயரம். ரிம்மின் விட்டம் 14 அங்குலம். அதாவது, பக்கச்சுவர் 132 மில்லிமீட்டர். ‘185/65 ஆர்15’ என்றால் 120 மில்லிமீட்டர்தான்.

மாருதி ஸ்விஃப்ட் காரில் விலை குறைந்த ரகங்களுக்கு முதல் வகை டயரும், விலை கூடிய ரகங்களுக்கு இரண்டாவது வகை டயரும் வருகின்றன. இரண்டு டயர்களின் மொத்த உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால், அடியைத் தாங்கும் ரப்பர் விலை குறைந்த ரகத்தில் 12 மில்லிமீட்டர் அதிகம். எல்லா கார்களிலும் இப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால், கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் பெரிய அலாய் சக்கரம், கிராமச் சாலையில் நமக்கு எதிராகவே வேலை செய்யக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். இரும்பு ரிம் பள்ளத்தில் விழுந்து வளைந்தால் பெரும்பாலும் தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விட்டால் மாற்றுவதே பாதுகாப்பு.

இன்னொன்று, ஸ்டெப்னி. சில புதிய கார்களில் மாற்றுச் சக்கரமே கொடுக்காமல், பஞ்சர் ஒட்டும் திரவமும் காற்றடிக்கும் கருவியும் மட்டும் தருகிறார்கள். வேலிக்கருவை முள் குத்தினால் இது சமாளிக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பட்டையா, சுருளா?

டிராக்டர் டிரெய்லரிலும் சரக்கு வண்டியிலும் இருக்கும் பட்டை ஸ்பிரிங், பாரம் தாங்குவதில் கில்லாடி. ஆனால், காலியாகப் போகும்போது தூக்கிப்போடும். சுருள் ஸ்பிரிங் அதைவிட மென்மையாக வேலை செய்யும். மகிந்திரா பொலிரோவில் தனிச் சட்டகத்தின் மேல் பாடி உட்கார்ந்திருக்கும். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். உர மூட்டை, தீவனம் என்று அடிக்கடி ஏற்றுபவர்களுக்கு அது பொருந்தும். குடும்பத்தோடு போய்வருவதுதான் முக்கியம் என்றால், சட்டகமும் பாடியும் ஒன்றாக வரும், சுருள் ஸ்பிரிங் உள்ள கார்களே சுகம்.

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் அதிகமாக இருந்தால், வண்டி முன்னும் பின்னும் ஆடுவது குறையும். ஏழு பேர் போகும் கார்களில் மூன்றாவது வரிசை, பின் சக்கரத்தின் மேலேயே அமைந்திருக்கும். ஒவ்வொரு பள்ளமும் அங்கேதான் அதிகம் தெரியும். பெரியவர்களையும் கர்ப்பிணிகளையும் அங்கே உட்கார வைக்காதீர்கள்.

வயிறு தட்டாமல் இருக்க...

இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி, வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டதாக, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும்படி வளைவாக இருக்க வேண்டும். ஊர்களில் குறுகலாக, செங்குத்தாகப் போடப்படும் தடைகளுக்கு எந்த விதியும் கிடையாது. அதனால்தான் தரை இடைவெளி முக்கியமாகிறது. ஸ்விஃப்ட்டில் இது 163 மில்லிமீட்டர்; பிரெஸ்ஸாவில் 198 மில்லிமீட்டர். ஆள் ஏறினால் வண்டி சில சென்டிமீட்டர் தாழும். எனவே, மேடு பள்ளம் அதிகமுள்ள ஊருக்கு 180 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்ப்பது நல்லது.

அதற்காக, உயரமான காரெல்லாம் சொகுசு என்று நினைக்க வேண்டாம். உயரம் வயிறு தட்டாமல் காக்கும், அதிர்வைக் குறைக்காது. அதோடு, உயரமான வண்டி வளைவில் கூடுதலாகச் சாயும் என்பதால், சில நிறுவனங்கள் ஸ்பிரிங்கை விறைப்பாக வைத்துவிடும். மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஏறி இறங்குவதும் சிரமம். இருக்கை இடுப்பு உயரத்துக்கு இருப்பதே சரி.

எந்த இன்ஜின்?

பள்ளத்தில் 15-க்கு இறங்கி, மறுபடி 45-க்கு எழும்பும் இழுவிசைதான் நமக்குத் தேவை. பல டீசல், டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் 1,500 முதல் 2,000 சுற்றுகளிலேயே முழு இழுவிசை கிடைத்துவிடும். டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் இன்ஜின்களில் அது பெரும்பாலும் 4,000 சுற்றை ஒட்டித்தான் கிடைக்கும். ஐந்து பேரோடு அடிக்கடி போகிறவர்கள் இந்த வித்தியாசத்தை ஓட்டிப் பார்த்தே உணரலாம்.

டீசல் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பி.எஸ்-6 டீசல் கார்களில், புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. இன்ஜின் நன்கு சூடாகி, சீரான வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். தினமும் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நான்கு கிலோமீட்டர் மட்டுமே ஓட்டினால் அடைத்துக்கொள்ளும், செலவு வைக்கும். வாரம் ஒரு முறையாவது நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகிறவர்களுக்கே டீசல் ஏற்றது.

சொந்த ஊர்ச் சாலையில் ஓட்டிப் பாருங்கள்

விற்பனையாளர் ஷோரூமுக்குப் பக்கத்திலுள்ள பளபளப்பான சாலையில்தான் ஓட்டிக்காட்டுவார். ‘எங்கள் ஊர்ச் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம்’ என்று சொல்லிவிடுங்கள்.

* நான்கு பேராகப் போங்கள். வாங்குபவர் பாதி தூரம் பின் இருக்கையில் உட்கார்ந்து வர வேண்டும்.
* வீட்டிலுள்ள மூத்தவரை அழைத்துச் செல்லுங்கள். அவர் முகமே தீர்ப்பு சொல்லிவிடும்.
* ஊரிலேயே மோசமான வேகத்தடையில் ஏற்றி இறக்குங்கள். அடியில் உரசுகிறதா, ‘டக்’ என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.
* ஏறி இறங்கியதும் கார் ஒரே அசைவில் நிலைக்கு வர வேண்டும். தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் வேகத்தில் பிடிமானம் இருக்காது, குமட்டலும் வரும்.
* முடிந்தால் ஒரு அட்டை முட்டையைப் பின் இருக்கையில் வைத்து ஓட்டிப் பாருங்கள். பிரான்ஸ் விவசாயிகளுக்குச் சொன்ன சோதனை நமக்கும் பொருந்தும்.

பழைய கார் வாங்குபவர்கள், ஒவ்வொரு மூலையையும் கையால் அழுத்தி விடுங்கள். ஓரிரு அசைவுக்கு மேல் ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று அர்த்தம். ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு, டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பது, திருப்பும்போது முன்பக்கம் ‘கடகட’ சத்தம் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும், நம்பிக்கையான மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி - பதில்

கேள்வி: சிறிய காருக்கும் பெரிய காருக்கும் வரியில் வித்தியாசம் உண்டா?

பதில்: உண்டு. நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1,200 சிசி வரையிலான பெட்ரோல் அல்லது 1,500 சிசி வரையிலான டீசல் இன்ஜின் கொண்ட கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி 18 சதவிகிதம். அதற்கு மேற்பட்ட கார்களுக்கு 40 சதவிகிதம். மின்சார கார்களுக்கு 5 சதவிகிதம்.

கேள்வி: நான்கு சக்கரமும் இழுக்கும் கார் தேவையா?

பதில்: சேற்றிலும் மலைத் தோட்டத்திலும் அது உதவும். குண்டும் குழியுமான தார்ச் சாலைக்கு அவசியமில்லை. விலையும் எடையும் கூடும்; சொகுசு கூடாது.

கேள்வி: மின்சார கார் கிராமத்துக்குச் சரிப்படுமா?

பதில்: நின்ற இடத்திலிருந்தே முழு இழுவிசை கிடைப்பதால் பிக்-அப் நன்றாக இருக்கும். ஆனால், பேட்டரி வண்டியின் அடியில் இருக்கிறது. எனவே, தரை இடைவெளியையும் பேட்டரிக்குக் கீழே உள்ள பாதுகாப்புத் தகட்டையும் பார்த்து வாங்குங்கள். வீட்டில் சீரான மின்சாரம் இருக்க வேண்டும்.

கேள்வி: இருக்கிற காரையே கொஞ்சம் சொகுசாக்க முடியுமா?

பதில்: முடியும். ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அட்டையில் டயருக்கான காற்றழுத்தம் எழுதியிருக்கும். டயர் சூடாவதற்கு முன், காலையில் அதே அளவுக்குக் காற்று வையுங்கள். கூடினால் தூக்கிப்போடும், குறைந்தால் பள்ளத்தில் ரிம் அடிபடும். ஐந்தாறு ஆண்டு ஓடிய காருக்கு ஷாக் அப்சார்பரையும் ரப்பர் புஷ்களையும் மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

கேள்வி: நல்ல சஸ்பென்ஷன் இருந்தால் வேகமாகப் போகலாம்தானே?

பதில்: அளவோடு போகலாம். 40-லிருந்து 60-க்கு வேகம் கூடினால், மோதும் விசைக்குக் காரணமான ஆற்றல் இரண்டே கால் மடங்காகிறது. ஜல்லி பெயர்ந்த சாலையில் ஏ.பி.எஸ் பிரேக் இருந்தாலும், வண்டி நிற்கக் கூடுதல் தூரம் பிடிக்கும். ஆடு, மாடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறுக்கே வரும் சாலை அது. 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் என்-கேப்’ மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம் வாங்கியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். பின் இருக்கையில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும்.