தாகத்தை மட்டும் நம்பலாமா?
பாலைவனச் சாலையில் ஒரு பகல் கற்பித்தவை

வெயில் காலத்தில் சிறுநீரகவியல் பிரிவுக்கு வருவோரிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, "தண்ணீர் போதிய அளவு குடிக்கிறீர்களா?" என்பதாகும். "தாகம் எடுக்கும்போது குடிக்கிறேன்" என்பதே பெரும்பாலோர் தரும் விடை. உடல்நலம் உள்ள இளைஞர் ஒருவர் நிழலில் அமர்ந்து வேலை செய்கையில் இவ்விடை ஏறக்குறையப் போதுமானது. முதியவர்க்கும், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு ஆகியவற்றுக்கு மருந்து உட்கொள்வோர்க்கும், கடும் வெப்பத்தில் பயணம் செய்வோர்க்கும் தாகம் நம்பத்தக்க சாட்சியன்று.

சென்ற ஏப்ரல் முதல் வாரத்தில் ராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்தின் ஊடே மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் மேற்கொண்டோம். அப்பயணத்தின் ஒரு பகல் இவ்வுண்மையை எங்கள் கண்முன் நிறுத்தியது. கோடை விடுமுறைக்குத் திட்டமிடும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் அப்பகலை இங்கே விரித்துரைக்கிறேன்.

விடியலுக்கு முன் புறப்பாடு

பயணத்தில் மூவர் இருந்தோம். நான், என்னுடன் பட்டமேற்படிப்புப் பயின்ற மயக்கவியல் மருத்துவர், அவருடைய தமையனார். தமையனார் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், வயது 61. பத்தாண்டுகளாக நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உண்டு. அவர் உட்கொள்ளும் கொதிப்பு மாத்திரையில் உடலிலுள்ள உப்பையும் நீரையும் சிறுநீராகப் பிரிக்கும் மருந்தும் சேர்ந்திருந்தது. இளமை முதல் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்; புறப்படும் முன் தம் மருத்துவரிடம் முழுமையாகப் பரிசோதனை செய்து கொண்டவர். அவருடைய இசைவுடன், பெயரைத் தவிர்த்து எழுதுகிறேன்.

ஜோத்பூரிலிருந்து போக்ரான் வழியாக ஜெய்சல்மேர் வரை சுமார் 280 கிலோமீட்டர். சாலை நன்று, போக்குவரத்து குறைவு. வண்டி ஓட்டுவோர்க்கு அது ஒருநாள் பயணமே. ஆயினும் இச்சாலைக்கு வடக்கேயுள்ள ஃபலோதி நகரில்தான் 2016ஆம் ஆண்டு மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. ஏப்ரல் தொடக்கத்தில் அத்துணைக் கொடுமை இல்லை. எனினும் நண்பகலில் 40 டிகிரியை எட்டும் என்று எதிர்பார்த்தே திட்டம் வகுத்தோம். காலை 5.45 மணிக்குப் புறப்படுவது. 11 மணி முதல் 4 மணி வரை சாலையில் இல்லாதிருப்பது. 50 கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி ஆளுக்கு இரண்டு தம்ளர் நீர் அருந்துவது. இருட்டும் முன் ஊர் சேர்வது. இறுதி விதி ஒட்டகங்களுக்காக ஏற்பட்டது. அந்திக்குப் பின் சாலையைக் கடக்கும் ஒட்டகம் முகப்பு விளக்கின் ஒளியில் மிக அருகில் வந்த பின்னரே தெரியும்.

ஊர் எல்லையைத் தாண்டியதும் நிலம் விரியத் தொடங்கியது. பாலைவனம் என்றதும் மணல்மேடுகளையே நாம் எண்ணுகிறோம். இவ்வழியில் மிகுதியாகக் காண்பது கல்லும் சரளையும் முட்புதரும் கலந்த வறள்நிலம். எருக்கும் இலந்தையும் நம் ஊர்ப் புறம்போக்கை நினைவூட்டின. வயல்களின் நடுவே தனித்து நின்ற மரங்களை அங்கே கேஜ்ரி என்கின்றனர். நம் சிவாலயங்களில் தலமரமாக விளங்கும் வன்னிதான் அது. பாலேசர் அருகே மணற்கல் சுரங்கங்கள் சாலையோரம் வரை நீள்கின்றன. காலை வெயில் இதமாக இருந்தது. முகத்தில் மோதிய காற்றும் குளிர்ச்சியாகவே இருந்தது.

காற்று குளிர்விக்காத வேளை

ஒன்பது மணிக்குமேல் அக்காற்றின் இயல்பு மாறிற்று. வண்டியோட்டிகள் பலர் அறியாத உண்மை ஒன்று இங்கே உண்டு. நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி. சுற்றுக் காற்று அதனினும் குளிர்ந்திருக்கும்வரை, வேகம் கூடக் கூட உடல் குளிரும். காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைக் கடந்துவிட்டால் அதே காற்று உடலுக்கு வெப்பத்தை ஏற்றத் தொடங்கும். அதன்பின் உடலைக் காப்பது வியர்வை ஆவியாதல் ஒன்றே. ஒரு லிட்டர் வியர்வை முழுமையாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் உடலிலிருந்து நீங்கும்.

போக்ரான் மட்பாண்டங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள பானைகளே இதற்கு நல்ல விளக்கம். பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிர்விக்கிறது. வறண்ட காற்றில் பானை மிக நன்றாகக் குளிரும். ஆனால் நீரும் விரைவாகக் குறையும். நம் உடலும் அவ்வாறே. சென்னை போன்ற கடற்கரை நகரத்தின் ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. வியர்ப்பது கண்ணுக்குத் தெரியும். உடல் போதுமான அளவு குளிராது. பாலைவனத்தில் வியர்வை தோன்றிய கணமே மறைகிறது. சட்டை நனைவதில்லை. மணிக்கு ஒரு லிட்டர் வரை நீரை இழந்த பின்னரும், "எனக்கு வியர்க்கவே இல்லை" என்று ஒருவர் கூறக்கூடும். அவர் பொய் சொல்லவில்லை. தோல் உலர்ந்தே இருக்கிறது.

இக்காரணத்தால்தான் அப்பகுதி உழவரும் ஆயரும் உடல் முழுதும் பருத்தி ஆடை போர்த்தித் தலையில் பெரிய முண்டாசு கட்டுகின்றனர். வெயில் நேரே தோலில் படுவதை அது தடுக்கிறது. நாங்களும் முழுக்கை மேலங்கியின் உள்ளே பருத்திப் பனியனை நீரில் நனைத்து அணிந்திருந்தோம்.

போக்ரானில் நிகழ்ந்தது

பத்தேகால் மணிக்குப் போக்ரானை அடைந்தோம். 1974, 1998 ஆகிய ஆண்டுகளில் அணுச்சோதனைகள் நடைபெற்ற களம் அருகில் இருப்பதால் நாடறிந்த பெயர், ஊர் சிறியது. சாலையோர உணவகத்தின் கூரைநிழலில் வண்டிகளை நிறுத்தினோம். தமையனார் இறங்கியதும் தம் இளவலிடம், "ஜெய்சல்மேர் இன்னும் எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்டார். "110 அண்ணா" என்று அவர் விடையளித்தார். இரண்டு நிமிடம் கழித்து மீண்டும் அதே கேள்வி. பிறகு சிறு காரணத்துக்காகப் பரிமாறுபவரிடம் எரிந்து விழுந்தார். எவரிடமும் கடிந்து பேசாதவர் அவர்.

"உடம்புக்கு என்ன செய்கிறது அண்ணா?" என்றேன்.

"ஒன்றும் இல்லை டாக்டர் தம்பி. கொஞ்சம் தலைவலி. தலைக்கவசம் இறுக்கமாக இருக்கிறது."

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 118. இரத்த அழுத்தம் 96/60. நாக்கு உலர்ந்திருந்தது. உடல் வெப்பம் 38.2 டிகிரி. நீரிழிவு உள்ளவர்க்குக் குழப்பம் நேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துவிட்டதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கையில் இருந்த கருவியில் பார்த்தோம்; 148. ஆகவே காரணம் அதுவன்று. காலையில் விடுதியை விட்டுப் புறப்பட்டபின் அவர் சிறுநீரே கழிக்கவில்லை.

மெதுவாகக் கேட்டபோது உண்மை வெளிப்பட்டது. நிற்கும் இடந்தோறும் அவர் பாட்டிலை வாயில் வைத்தார். ஒரு மிடறுக்கு மேல் பருகவில்லை. "குடித்தால் அரைமணிக்கு ஒருமுறை இறங்க வேண்டி வரும். புராஸ்டேட் தொல்லை உனக்குத் தெரியாதா? உங்கள் இருவரையும் வழிநெடுகக் காக்க வைக்கக் கூச்சமாக இருந்தது" என்றார்.

இச்சொற்களை மருத்துவமனையிலும் வேறு வேறு குரல்களில் கேட்டிருக்கிறேன். பேருந்தில் கழிவறை இல்லை என்பதால் முதல்நாள் இரவே நீரைக் குறைத்துவிடும் தாய்மார்கள். இரவில் மகனை எழுப்ப வேண்டி வருமே என்று மாலையோடு நீரை நிறுத்திவிடும் முதியவர்கள். கூச்சத்தால் உண்டாகும் இந்நீரிழப்பு எந்த ஆய்வு அறிக்கையிலும் காரணமாகக் குறிக்கப்படுவதில்லை.

உடலினுள் நடப்பது என்ன?

நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, அதில் மிகப்பெரும் பகுதியை இரத்தத்துக்கே திருப்பித் தருகின்றன. நீர் குறையும்போது சிறுநீரை அடர்த்தியாக்கிச் சேமிக்கின்றன. அச்சேமிப்புக்கும் எல்லை உண்டு. கழிவுகளை வெளியேற்ற நாளொன்றுக்குக் குறைந்தது அரை லிட்டர் சிறுநீராவது வேண்டும். ஒட்டகத்தின் சிறுநீரகம் இதில் நம்மினும் திறன் மிக்கது. நீர் கிடைக்காத நாட்களில் அது தன் உடல் வெப்பம் ஆறு டிகிரி வரை ஏறி இறங்க இடங்கொடுத்து வியர்வையை மிச்சப்படுத்துகிறது. நமக்கோ இரண்டு மூன்று டிகிரி ஏறினாலே அபாயம்.

வயது ஏறுந்தோறும் சிறுநீரை அடர்த்தியாக்கும் திறன் குறைகிறது. தாக உணர்வும் மழுங்குகிறது. நீர் பிரிக்கும் மாத்திரை இழப்பைக் கூட்டுகிறது. நீர் குன்றிய உடலில் சிலவகைக் கொதிப்பு மருந்துகளும் வலி நிவாரணிகளும் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தை மேலும் தளர்த்துகின்றன. இவை ஒரே நாளில் சேரும்போது சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்க வாய்ப்பு உண்டு. தலைவலிக்கு ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டு தமையனார் பயணத்தைத் தொடர்ந்திருந்தால் அவர் அந்நிலையை நோக்கியே சென்றிருப்பார்.

வெப்பம் மூளையையும் தாக்குகிறது. "எனக்கு ஒன்றும் இல்லை" என்று முடிவுசெய்யும் மூளையே முதலில் தளர்வதால், பாதிக்கப்பட்டவர் தம் நிலையை அறிய இயலாது. உடனிருப்பவரே அறிய வேண்டும்.

பயணமா, பாதுகாப்பா?

மேலங்கியையும் காலணியையும் கழற்றி, மின்விசிறியின் கீழ்ப் படுக்கவைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்தோம். ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறுசிறு மிடறுகளாக ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் கொடுத்தோம். "சர்க்கரை வியாதிக்காரனுக்குக் குளுகோஸ் தண்ணீரா?" என்று தயங்கினார். உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவின்படி ஒரு லிட்டர் கரைசலில் 13.5 கிராம் குளுகோஸே உள்ளது. குடல் உப்பையும் நீரையும் உறிஞ்ச அது துணைசெய்கிறது. நீரிழப்பு நேர்ந்த நீரிழிவு நோயாளி அதை அஞ்ச வேண்டியதில்லை. வாந்தி எடுத்தாலோ குழப்பம் கூடினாலோ ஒரு நிமிடமும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வண்டி ஒன்றை ஆயத்தமாக வைத்திருந்தோம். இரண்டு மணி நேரம் கழித்து அடர்ந்த நிறத்தில் சிறுநீர் கழித்தார். நாடித்துடிப்பு 88க்கு இறங்கிற்று. உணவகத்தார் கொடுத்த ராப்டியையும் உண்டார். கம்பு மாவை மோரில் காய்ச்சிய அவ்வுணவு நம் கம்பங்கூழின் உடன்பிறப்பு.

கடினமான பகுதி அதன் பிறகே வந்தது. நான்கு மணிக்கு அவர் மேலங்கியை எடுத்து மாட்டத் தொடங்கினார். "ஜெய்சல்மேர் கோட்டை தூரத்தில் தெரியும்போது நான் வண்டியில் இருக்க வேண்டும் தம்பி. இருபது வருடக் கனவு" என்றார். இளவல் கலங்கினார், அண்ணனின் முகத்தை அவரால் பார்க்க இயலவில்லை. ஒருமுறை வெப்பத்தால் தளர்ந்த உடல் அன்றே மீண்டும் தளர்வது எளிது. இரு சக்கரத்தில் ஒரு கணத் தலைச்சுற்றலும் உயிருக்கு உலை வைக்கும். "கோட்டை நாளையும் அங்கேதான் இருக்கும் அண்ணா" என்று மட்டும் கூறினேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் சாவியை நீட்டினார். அவருடைய வண்டி ஒரு சிறு சரக்கு வாகனத்தில் ஏற்றப்பட்டது. அவர் ஓட்டுநர் அருகில் அமர்ந்தார்.

லாட்டியைக் கடந்ததும் காற்றாலைகள் வரிசையாகச் சுழன்றன. காற்று இழுத்து வந்த மணல் சாலையின் குறுக்கே மெல்லிய நாடாக்களாகப் படிந்திருந்தது. அவ்விடங்களில் வேகத்தைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமல் நேராகச் செலுத்தினோம். மாலை வெயிலில் மஞ்சள் மணற்கல்லால் ஆன கோட்டை தொலைவில் எழுந்தது. 1156ஆம் ஆண்டு ராவல் ஜைசல் நிறுவிய அக்கோட்டையினுள் இன்றும் மக்கள் குடியிருக்கின்றனர். அன்றிரவு தமையனாரின் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் அறிவுரைப்படி நீர் பிரிக்கும் மருந்தை இரு நாட்களுக்கு நிறுத்தினோம். மறுநாள் முழு ஓய்வு. மூன்றாம் நாள் விடியலில், சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாம் மணல்மேடுகளுக்குத் தம் வண்டியைத் தாமே ஓட்டிச் சென்றார். வழியில் இருமுறை நிறுத்தச் சொன்னார். நாங்களும் மகிழ்ச்சியோடு நின்றோம்.

வெயிலில் பயணம் செய்வோர்க்கும் உடன்செல்வோர்க்கும்

• புறப்படுவதற்கு ஒரு வாரம் முன் உங்கள் மருந்துப் பட்டியலை மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த மருந்தையும் தாமாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டா.

• தாகத்துக்குக் காத்திராமல் கடிகாரம் பார்த்து அருந்துங்கள். பாட்டிலில் எவ்வளவு குறைந்துள்ளது என்பதை உடன்செல்பவர் கவனிக்க வேண்டும்.

• இதயத் தளர்ச்சி உள்ளோர், டயாலிசிஸ் செய்துகொள்வோர், முற்றிய சிறுநீரக நோயாளிகள் ஆகியோர்க்கு மேற்சொன்ன அளவுகள் பொருந்தா. நீர், ஓ.ஆர்.எஸ். இரண்டின் அளவையும் உங்கள் மருத்துவரே வகுப்பார்.

• சிறுநீரின் நிறம் வெளிர் மஞ்சளாக இருத்தல் நன்று. அடர்ந்த நிறமாயினும், ஆறு மணி நேரம் சிறுநீர் கழியாதிருப்பினும் எச்சரிக்கை கொள்க.

• இன்சுலினை வெயிலிலோ வண்டிப் பெட்டியிலோ வைக்கலாகாது. குளிர்பையில் வையுங்கள்; பனிக்கட்டி நேராகப் படக்கூடாது.

• பேச்சில் குழப்பம், காரணமற்ற சினம், தள்ளாட்டம், வலிப்பு, 40 டிகிரியை நெருங்கும் காய்ச்சல் ஆகியவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். நிழலுக்குக் கொண்டுசென்று, உடலை நீரால் நனைத்து விசிறியபடி 108ஐ அழையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர்க்கு வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது.

• முதியவருடன் பயணம் செய்யும்போது, அவர் கேட்கும் முன்னரே கழிவறை உள்ள இடங்களில் நிறுத்துங்கள். "எனக்கும் இறங்க வேண்டும்" என்று நீங்கள் முதலில் சொன்னால் அவர் தயக்கமின்றி நீர் அருந்துவார்.