டர்போ காருக்கு எந்த எண்ணெய்?

சில வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய், சில ஆயிரம் வெள்ளியை இழக்கலாமா?

தோட்டங்களில் ஒரு காலத்தில் கார் என்றால் அது துரையின் பங்களா வாசலில் மட்டுமே நிற்கும். மற்றவர்களுக்குச் சைக்கிள், கொஞ்சம் வசதி வந்தால் மோட்டார் சைக்கிள். இன்றைக்குக் காலம் மாறிவிட்டது. சுங்கை காடுட் வட்டாரத்தில் தோட்டத்து வீடுகளின் முன்னாலும், தோட்டத்தை விட்டுத் தாமான்களில் குடியேறியவர்களின் வாசலிலும் கார் நிற்கிறது. துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், நடு இரவில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் சிரம்பான் மருத்துவமனைக்கு விரையவும் அதுவே துணை. தவணை முறையில் வாங்கிய அந்தக் காரின் எஞ்சின் கெட்டால் குடும்பத்தின் வரவு செலவே ஆட்டம் கண்டுவிடும்.

இப்போது நம்மவர்கள் வாங்கும் கார்களில் பல, டர்போ பொருத்தியவை. பெரிய குடும்பங்கள் விரும்பும் ஏழு இருக்கை புரோட்டோன் எக்ஸோராவில், 2011 டிசம்பரில் வந்த 'போல்ட்' வகை முதல் டர்போ உண்டு. 2012-இல் பிரிவே, 2018-இல் எக்ஸ்70, 2020-இல் எக்ஸ்50, 2021-இல் பெரோடுவா அத்திவா என்று வரிசை நீண்டது. பழைய கார் சந்தையில் இவற்றை வாங்குவோர் ஏராளம். ஆனால், சாகாவுக்கும் கஞ்சிலுக்கும் ஊற்றிப் பழகிய அதே மின்யாக் ஹீத்தாமை இவற்றுக்கும் ஊற்றினால் போதும் என்று நினைப்பவர்களும் ஏராளம். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

டர்போ செய்யும் வேலை

எஞ்சின் ஓடுவதற்குப் பெட்ரோலோடு காற்றும் வேண்டும். சாதாரண எஞ்சின் காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். டர்போ எஞ்சினிலோ காற்றை அழுத்தித் திணிக்கிறோம். வெளியேறும் சூடான புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரம் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் தள்ளுகிறது. வீணாகப் போகும் புகையை வேலை வாங்கும் இந்த யோசனைக்கு, சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி 1905-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றுவிட்டார்.

பலன் என்ன? எக்ஸோராவின் 1.6 லிட்டர் சாதாரண எஞ்சினின் இழுவிசை 150 நியூட்டன் மீட்டர். அதே அளவு டர்போ எஞ்சினில் அது 205. அத்திவாவின் எஞ்சின் வெறும் 1 லிட்டர்தான், மூன்றே சிலிண்டர்தான். ஆயினும் 1.5 லிட்டர் எஞ்சினுக்கு ஈடாக இழுக்கிறது.

இந்தப் பலத்துக்கு ஒரு விலை உண்டு. நம் வீட்டு மிக்ஸி முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 ஆயிரம் சுற்றுச் சுற்றும். டர்போவின் தண்டோ ஒரு இலட்சத்துக்கும் மேல். சிறிய டர்போக்களில் 2 இலட்சம் வரைகூடப் போகும். புகை பாயும் பக்கத்தில் வெப்பம் 900 டிகிரி செல்சியசை எட்டும். இத்தனை வேகத்தில், இத்தனை சூட்டில் சுற்றும் தண்டைத் தாங்கி நிற்பது இரும்பு அன்று, எண்ணெய்! பெரும்பாலான டர்போக்களில் தண்டுக்கும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷுக்கும் இடையே தலைமயிரின் பருமனைவிடக் குறைந்த இடைவெளிதான். அந்த இடைவெளியில் ஓடும் எண்ணெய்ப் படலத்தின் மேல் தண்டு மிதந்துகொண்டே சுற்றுகிறது. சூட்டை வாரிக்கொண்டு போவதும் அதே எண்ணெய்தான்.

ஆகவே, சாதாரண எஞ்சினில் மோசமான எண்ணெய் மெல்ல மெல்லக் கெடுக்கும்; டர்போவில் சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும். 'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பார்கள். டர்போவுக்கு எண்ணெயே அச்சாணி.

வடைச்சட்டி சொல்லும் பாடம்

வடை சுட்ட எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் என்ன ஆகிறது? கறுத்துப் போகிறது, பிசுபிசுக்கிறது, சட்டியின் ஓரத்தில் கரியாகப் பிடிக்கிறது. டர்போவுக்குள் நடப்பதும் இதுதான். தரம் குறைந்த எண்ணெய், அல்லது காலம் கடந்த எண்ணெய், அந்தச் சூட்டைத் தாங்காமல் கரியாகிப் படியும். டர்போவுக்கு எண்ணெய் கொண்டுவரும் மெல்லிய குழாய் அடைபடும். அதன்பின் தண்டு எண்ணெயின்றிச் சுற்றித் தேய்ந்துபோகும்.

இந்தச் சூட்டைத் தாங்குவதில் முழுச் செயற்கை எண்ணெய்க்கு, அதாவது 'ஃபுல்லி சிந்தெட்டிக்' எண்ணெய்க்கு, ஈடில்லை. சாதாரண கனிம எண்ணெய் விலையில் மலிவு. ஆனால் சூட்டில் சீக்கிரம் கெடும். டர்போ காருக்கு முழுச் செயற்கையே ஏற்றது என்று கொள்ளுங்கள்.

போத்தலில் உள்ள எண்கள்

கடையில் போத்தலைக் கையில் எடுத்தால் 5 டபிள்யூ-30, 0 டபிள்யூ-20, 5 டபிள்யூ-40 என்று ஏதாவது ஒன்று இருக்கும். இது எஸ்.ஏ.இ. என்ற அமைப்பு வகுத்த அளவு. முதல் எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறைந்தால் ஓட்டம் எளிது. இரண்டாம் எண், எஞ்சின் சூடேறிய பிறகு, அதாவது 100 டிகிரியில், எண்ணெய் எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதைக் காட்டுகிறது; எண் கூடினால் தடிப்பும் கூடும்.

"நம் ஊரில் பனியா பெய்கிறது? வெயிலுக்குத் தடித்த எண்ணெய்தானே நல்லது?" என்று கேட்பவர்கள் உண்டு. விடியற்காலையில் எஞ்சினைத் தட்டி எழுப்பும்போது எண்ணெய் 25 டிகிரி அளவில்தான் இருக்கும். 100 டிகிரியில் ஓடும் எண்ணெயோடு ஒப்பிட்டால் அது பல மடங்கு தடித்தது. டர்போவுக்கு அது போய்ச் சேரும்வரை தண்டு காத்திருக்காது. மேலும், இன்றைய எஞ்சின்களின் எண்ணெய் வழிகளும் பம்புகளும் குறிப்பிட்ட தடிப்புக்கென்றே அமைக்கப்பட்டவை. எனவே, காரோடு வந்த கையேட்டைத் திறந்து பாருங்கள். அதில் ஒரே அளவு மட்டும் சொல்லியிருந்தால் அதையே வாங்குங்கள். இரண்டு மூன்று அளவுகளை அனுமதித்திருந்தால், பாரம் ஏற்றி மலையேறுபவர்களும் நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓட்டுபவர்களும் அந்தப் பட்டியலுக்குள்ளேயே சற்றுத் தடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம். பட்டியலுக்கு வெளியே போக வேண்டாம்.

எழுத்துகளையும் பாருங்கள்

எண்ணைவிட முக்கியமானது இன்னொன்று இருக்கிறது. போத்தலின் பின்புறம் வட்ட முத்திரை ஒன்றில் ஏ.பி.ஐ. என்ற எழுத்துகள் இருக்கும். அதன் பக்கத்தில் எஸ்.என்., எஸ்.பி. என்றெல்லாம் காணப்படும். எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு. சி என்று தொடங்கினால் டீசலுக்கு. பெட்ரோல் வரிசையில் இரண்டாவது எழுத்து அகரவரிசையில் பின்னால் போகப் போகத் தரம் புதியது. எஸ்.என். 2010-இல் வந்தது; எஸ்.என். பிளஸ் 2018-இல், எஸ்.பி. 2020-இல், எஸ்.கியூ. 2025-இல். கையேடு பழைய தரத்தைக் கேட்டால், அதே தடிப்பில் புதிய தரத்தை ஊற்றலாம். புதிய தரத்தைக் கேட்கும் காருக்குப் பழையதை ஊற்றக் கூடாது.

இதற்குத் தக்க காரணம் உண்டு. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் சிறிய டர்போ எஞ்சின்களில் ஒரு புதுவகைத் தொல்லை தோன்றியது. குறைந்த சுற்றில் ஓடும்போது எண்ணெய்த் துளி பெட்ரோலோடு கலந்து, தீப்பொறி வருவதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொண்டது. அந்த அடியில் பிஸ்டனே உடைந்துபோகும். எண்ணெயில் சேர்க்கும் கால்சியம் மருந்து அதிகமானால் இது கூடுகிறது என்று ஆய்வில் கண்டார்கள். அதனால் கால்சியத்தைக் குறைத்து மக்னீசியத்தைச் சேர்த்தார்கள். எஸ்.என். பிளஸ், எஸ்.பி. தரங்கள் இந்தத் தொல்லையைத் தடுக்கும் சோதனையில் தேறியவை.

சூப்பர்சார்ஜர் உள்ள கார்களுக்கு

சிலர் பழைய மெர்சிடிஸ் காரை ஆசையோடு வாங்கி வைத்திருப்பார்கள். பின்புறம் 'கொம்ப்ரசர்' என்று எழுதியிருந்தால் அதில் இருப்பது சூப்பர்சார்ஜர். டர்போ புகையால் சுற்றும். இது எஞ்சினோடு இணைந்த பெல்ட்டால் சுற்றும். புகையின் சூடு இதற்கு இல்லை. இவற்றில் பலவற்றின் பல்சக்கரப் பெட்டிக்குத் தனி எண்ணெய் உண்டு. எஞ்சின் எண்ணெயை அதில் ஊற்றக் கூடாது. ஆனாலும் எஞ்சினுக்குள் அழுத்தம் கூடுவதால், கையேடு சொல்லும் தரமான எண்ணெய் இங்கேயும் தேவை.

டீசல் வண்டிகள்

தோட்டத்தில் ஓடும் பிக்கப், லோரிகளில் டர்போ புதிதல்ல. இவற்றுக்கு ஏ.பி.ஐ. சி வரிசை எண்ணெய் வேண்டும். புகைக் குழாயில் கரிப்புகை வடிகட்டி உள்ள புதிய வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெயைக் கையேடு குறிப்பிடும். மாற்றி ஊற்றினால் வடிகட்டி அடைபடும்.

இன்னொன்று. நாம் வெட்டிச் சுமக்கும் செம்பனைக் குலையிலிருந்து வரும் எரிபொருளே டீசலிலும் கலக்கிறது. 2019 பிப்ரவரியில் போக்குவரத்து டீசலில் 10 விழுக்காடு கலப்பது கட்டாயமாக்கப்பட்டது. நமக்கு அது நல்ல செய்திதான். ஆனால் எஞ்சின் எண்ணெயில் இந்தச் செம்பனை டீசல் கசிந்து கலந்தால் எளிதில் ஆவியாகாமல் தங்கிவிடும், எண்ணெய் நீர்த்துப்போகும். ஆகவே டீசல் வண்டிக்கு எண்ணெய் மாற்றும் தவணையைத் தள்ளிப்போடாதீர்கள்.

எப்போது மாற்றுவது?

கையேடு 10,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம் என்று சொல்லியிருக்கலாம். எது முந்துகிறதோ அதுவே கணக்கு. அதே கையேட்டில், கடினமான ஓட்டத்துக்கு இன்னும் சீக்கிரம் மாற்றும்படி ஒரு குறிப்பும் பெரும்பாலும் இருக்கும். நம்மவர்கள் அதைப் படிப்பதில்லை. "என் கார் வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கு ஐந்து நிமிடந்தானே ஓடுகிறது, இது எப்படிக் கடின ஓட்டமாகும்?" என்று நினைக்கிறோம். உண்மையில் அதுதான் கடினம்! ஐந்து நிமிடத்தில் எண்ணெய் முழுச் சூட்டை அடையாது. அதில் சேரும் நீரும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கும். செம்மண் சடக்கில் தூசியோடு ஓடுவதும், ஆட்களை நிறைத்துக்கொண்டு புக்கிட் புத்துஸ் மேட்டில் ஏறுவதும் கடின ஓட்டமே. இப்படிப்பட்ட கார்களுக்கு 5,000 கிலோமீட்டரில் எண்ணெயையும் அதன் வடிகட்டியையும் மாற்றிவிடுவது நல்லது. காற்று வடிகட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள். அதைத் தாண்டி உள்ளே போகும் தூசி, டர்போ சக்கரத்தையும் அரிக்கும்.

போலிகள் ஜாக்கிரதை

பேர்பெற்ற எண்ணெய்களின் போலிகள் நம் நாட்டில் பலமுறை பிடிபட்டுள்ளன. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அதிகாரிகள் இதற்கென்றே சோதனைகள் நடத்தி வருகிறார்கள். சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். பெட்ரோல் நிலையத்திலோ, அங்கீகாரம் பெற்ற கடையிலோ வாங்கி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒர்க்‌ஷாப்பில் உங்கள் கண் முன்னால் மூடியைத் திறந்து ஊற்றச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம், பணம் உங்களுடையது.

போத்தலின் பேரைப் பற்றியும் கவலை வேண்டாம். காஸ்ட்ரோல் என்ற பேரே ஆமணக்கு எண்ணெய்க்கான ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது. பாட்டி வயிற்றுக்குக் கொடுத்த அதே விளக்கெண்ணெயைத்தான் அந்தக் காலத்தில் எஞ்சினுக்கும் கலந்தார்கள். இன்று எந்த நிறுவனமானாலும் கையேடு கேட்கும் அளவும் தரமும் போத்தலில் இருந்தால் போதும். விலை உயர்ந்ததை ஊற்றிவிட்டு ஒன்றரை வருடம் மாற்றாமல் ஓட்டுவதைவிட, நடுத்தர விலையில் சரியானதை ஊற்றித் தவணை தவறாமல் மாற்றுவதே மேல்.

நினைவில் நிறுத்த வேண்டியவை

1. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சமதரையில் காரை நிறுத்தி, எஞ்சின் ஓய்ந்த சில நிமிடங்களுக்குப் பிறகு அளவுக் கோலை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதலே. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

2. காலையில் எஞ்சினைத் தட்டியதும் உறுமவிடாதீர்கள். முதல் சில கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள்.

3. நெடுஞ்சாலையில் 110-இல் வந்து ஓய்விடத்தில் நிறுத்தினாலோ, மலையேறி முடித்தாலோ, ஒரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு அணையுங்கள். பல புதிய கார்களில் டர்போவைத் தண்ணீரும் குளிர்விக்கிறது. என்றாலும் இந்தப் பழக்கத்தால் நட்டமில்லை.

4. பின்னால் நீலப் புகை, புதிதாகக் கேட்கும் விசில் சத்தம், அடிக்கடி குறையும் எண்ணெய், தரையில் சொட்டு: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். எண்ணெய்க் குழாய்களின் ரப்பரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

5. சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தால் வீடு பக்கந்தான் என்று ஓட்டாதீர்கள். பத்திரமான இடத்தில் நிறுத்தி உடனே எஞ்சினை அணையுங்கள்.

6. மீந்த கார் எண்ணெயை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றாதீர்கள். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச்சும் எண்ணெயில்தான் நனைந்திருக்கிறது. கார் எண்ணெயால் அது வழுக்கும்.

7. கழித்த எண்ணெயைக் கால்வாயிலோ செம்பனை மரத்தடியிலோ கொட்ட வேண்டாம். 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி அது பட்டியலிடப்பட்ட கழிவு. ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவாருங்கள்.

பழைய டர்போ கார் வாங்கப் போகிறவர்கள், பெயிண்டின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன்னால் எண்ணெய் மாற்றிய ரசீதுகளைக் கேளுங்கள். ரசீது இல்லாவிட்டால் எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். கரியும் சேறும் படிந்திருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தக் காரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.