உளுக்காத மூங்கிலுக்கு வயதும் பருவமும்

வாழைக்கு முட்டு, பந்தலுக்குக் கால், கொட்டகைக்கு வாரை, ஏணி, கூடை, தட்டி என்று மூங்கில் இல்லாமல் கிராமத்தில் காரியம் நடப்பதில்லை. ஆனால் கூரையில் போட்ட மூங்கில் ஓராண்டிலேயே உளுத்து மாவாக உதிர்வதும், மூன்றாம் ஆண்டில் கூரை தொய்வதும் பலர் கண்ட அனுபவம். "மூங்கில் நிற்காது" என்று அலுத்துக்கொண்டு, கடன் வாங்கி இரும்புக் குழாய் போடுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் இந்த நஷ்டத்துக்குக் காரணம், கழியை வெட்டிய வயதும் வெட்டிய காலமும்தான்.

ஒரே பருவத்தில் முழு உயரம்

மூங்கில் புல் இனத்தைச் சேர்ந்தது. மழை தொடங்கியதும் மண்ணைக் கிழித்து வரும் குருத்து, இரண்டு மூன்று மாதங்களில் தன் முழு உயரத்தையும் எட்டிவிடுகிறது. மரத்தைப் போல ஆண்டுக்கு ஆண்டு அது பருப்பதில்லை. ஆகவே ஓராண்டுக் கழியும் நான்காண்டுக் கழியும் பார்வைக்கு ஒரே பருமனாக நிற்கும், உறுதியில்தான் வேறுபாடு. இளங்கழியின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். நார் கெட்டிப்பட 3 ஆண்டுகளாவது ஆகும். அதற்கு முன் வெட்டினால் காயும்போது சுருங்கி, வளைந்து, வெடித்துவிடும்.

வயதை அறிவது எப்படி?

முதலாண்டுக் கழியில் கணுக்களைச் சுற்றி உறை மட்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே வெண்மையான மெழுகுப் பொடி படிந்திருக்கும். இரண்டாம் ஆண்டில் மட்டைகள் உதிர்ந்து, கழி பச்சையாகப் பளபளக்கும். மூன்றாம் ஆண்டுக்கு மேல் பச்சை மங்கி, மஞ்சள் கலந்து, சாம்பல் நிறத் திட்டுகள் படரும். அரிவாளின் பின்புறத்தால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். வெட்டத் தகுந்தது இதுவே.

தூரையும் காக்கும் முறை

புதிய குருத்துகள் தூரின் வெளிச்சுற்றில் வருகின்றன. முற்றிய கழிகள் நடுவில் நிற்கும். அதிலும் முள் மூங்கிலில் உள்ளே நுழைவது பெரும்பாடு. அதனால் கைக்கு எட்டிய வெளிக்கழிகளை வெட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. இதில் இரட்டை நஷ்டம். கிடைப்பது உளுக்கும் இளங்கழி. இழப்பதோ அடுத்த ஆண்டுக் குருத்துக்கு உணவு தர வேண்டிய கழி. இப்படியே வெட்டினால் சில ஆண்டுகளில் தூர் நலிந்து, மெல்லிய கழிகளே வரும்.

இதற்கு வன ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் வழி குதிரை லாட முறை. குருத்து அதிகம் வராத ஒரு பக்கத்தில் வழி திறந்து, உள்ளே சென்று, முற்றிய கழிகளை மட்டும் எடுக்க வேண்டும். முடிவில் தூர் லாட வடிவில் நிற்கும். ஓராண்டு, ஈராண்டுக் கழிகளைத் தொடக் கூடாது. முற்றியவற்றிலும் சிலவற்றைக் காற்றுக்குத் தாங்கலாக விட வேண்டும். தரையிலிருந்து 15 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில், கணுவுக்குச் சற்று மேலே வெட்டுவது நல்லது. கணுவிடையின் நடுவில் வெட்டினால் குழாயில் மழைநீர் தேங்கித் தூர் அழுகும். வேர்க்கிழங்கைத் தோண்டக் கூடாது.

எப்போது வெட்டுவது?

உளுவண்டு தேடி வருவது கழியிலுள்ள மாவுச்சத்தை. கோடையில், வரப்போகும் குருத்துக்காக மூங்கில் இச்சத்தைச் சேர்த்து வைக்கிறது. குருத்து வளர்ந்து முடிந்த பின் அது குறைந்துவிடுகிறது. எனவே மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்கள் வெட்டுவதற்கு ஏற்றவை. தேய்பிறை பார்ப்பவர்கள் பார்க்கட்டும். ஆனால் வயதையும் பருவத்தையும் விட்டுவிட்டுப் பிறையை மட்டும் பார்த்துப் பயனில்லை.

ஊறப்போடுதலும் வெங்காரமும்

வெட்டிய கழிகளைக் குளத்திலோ ஓடும் நீரிலோ 4 முதல் 12 வாரங்கள் மூழ்க வைப்பது பழைய முறை. மாவுச்சத்தும் சர்க்கரையும் கரைந்து போவதால் வண்டு அண்டுவது குறையும்.

அதைவிட உறுதியான பாதுகாப்பு வெங்காரக் கரைசல். 95 லிட்டர் தண்ணீரில் 3 கிலோ வெங்காரமும் 2 கிலோ போரிக் அமிலமும் கரைத்தால் 5 சதக் கரைசல் கிடைக்கும். மூங்கிலின் மேல்தோல் எதையும் எளிதில் உள்ளே விடாது. ஆகையால் நீண்ட இரும்புக் கம்பியால் கணுத்தடுப்புகளைத் துளைத்த பிறகே கழியைக் கரைசலில் மூழ்க வைக்க வேண்டும். ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஊறிய பின் நிழலில் நிறுத்தி உலர்த்தலாம். கரைசலைக் குழந்தைகளும் கால்நடைகளும் அண்டாமல் பார்த்துக்கொள்வது அவசியம். மீதியைக் குளத்தில் கொட்டக் கூடாது.

இம்மருந்து மழையில் கரைந்து போகும். எனவே கூரைக்கு அடியில் உள்ள வாரை, கைமரங்களுக்கே இது ஏற்றது. மூங்கில் காலை மண்ணில் புதைத்தால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் நிற்பது அரிது. கருங்கல் பீடத்தின் மேல் நிறுத்தி, இறவாரத்தைத் தாராளமாக நீட்டினால் ஆயுள் கூடும். ஆணி அடிக்குமுன் துளை போட்டால் கழி பிளக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தில் மூங்கில் 'மரம்' என்றே கருதப்பட்டு வந்தது. 2017-இல் செய்யப்பட்ட திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கியது. பட்டா நிலத்தில் மூங்கில் வளர்க்க இது ஊக்கமானது. காட்டு மூங்கிலுக்கு இத்தளர்வு இல்லை. கழிகளை வெளியூருக்கு ஏற்றுமுன் வட்டார வன அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

வேலியோரம் நாலு தூர் உள்ளவர்கள் எளிய காரியம் ஒன்று செய்யலாம். ஆண்டுதோறும் மழை முடிந்ததும், அந்த ஆண்டு வந்த கழிகளில் ஒரு வண்ணப்பொட்டு வைக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்கு வேறு வண்ணம். நான்காம் ஆண்டு அரிவாளுடன் போகும்போது எதை வெட்டலாம், எதை விட வேண்டும் என்பதை அந்தப் பொட்டே சொல்லிவிடும்.