பாட்டில் பறந்தது, பேண்ட் நிற்கவில்லை: நியூ ஆர்லியன்ஸ் 'மார்ச்சிங் 100' கதை

2022 ஏப்ரல் 3, லாஸ் வேகஸ். கிராமி மேடையில் 'ஆல்பம் ஆஃப் தி இயர்' விருதுக்கு ஜான் பாட்டீஸ்ட்டின் பெயர் வாசிக்கப்பட்டது. அன்று அவர் வாங்கிய ஐந்து கிராமிகளில் அதுதான் பெரியது. ஆல்பத்தின் பெயர் 'வி ஆர்'. அதே பெயர் கொண்ட முதல் பாட்டில் பாட்டீஸ்ட்டோடு சேர்ந்து வாசித்திருப்பது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் இருக்கும் ஒரு ஹைஸ்கூல் பேண்ட். பெயர் 'மார்ச்சிங் 100'. பாட்டீஸ்ட் படித்த செயின்ட் அகஸ்டின் பள்ளியின் பேண்ட் அது.

உலகத்தில் எந்த இசைக்கலைஞரை வேண்டுமானாலும் கூப்பிடக்கூடிய இடத்தில் இருப்பவர், எதற்காக ஸ்கூல் பசங்களைத் தேடிப் போனார்? அதற்கு 1967-ல் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்படித் தொடங்கியது இந்த பேண்ட்?

செயின்ட் அகஸ்டின் பள்ளி 1951-ல் தொடங்கப்பட்டது. கறுப்பின மாணவர்களுக்கான கத்தோலிக்க ஆண்கள் பள்ளி. அப்போது நியூ ஆர்லியன்ஸில் பள்ளி, பஸ், தியேட்டர் என்று எல்லாமே நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தது. கறுப்பினக் குடும்பத்தில் பிறந்த ஒரு பையனுக்கு நல்ல படிப்பு வேண்டுமென்றால், அவனுக்கென்று தனியாக ஒரு பள்ளி கட்டினால்தான் உண்டு என்ற நிலை.

அடுத்த ஆண்டே பேண்ட் மாஸ்டராக வந்து சேர்ந்தார் எட்வின் ஹாம்ப்டன். அதே ஊரில் உள்ள சேவியர் பல்கலைக்கழகத்தில் படித்தவர். வந்தவர் அரை நூற்றாண்டுக்கும் மேல் அங்கேயே இருந்துவிட்டார். ஊதாவும் தங்க நிறமும் கலந்த சீருடை, நேர்கோடு பிசகாத வரிசை, ஒரே அளவில் தூக்கி வைக்கும் கால்கள். இவையெல்லாம் அவர் காலத்தில் உருவான அடையாளங்கள்.

ஹாம்ப்டனைப் பற்றிப் பேசும் எல்லோரும் தவறாமல் சொல்லும் ஒரு சொல் 'ஒழுங்கு'. பத்து கிலோவுக்கும் மேல் எடையுள்ள சூசபோனை தோளில் மாட்டிக்கொண்டு, பல மைல் தூரம் வாசித்தபடியே நடப்பது சும்மா இல்லை. மூச்சு, கால், கண் மூன்றும் ஒரே கணக்கில் ஓட வேண்டும். பக்கத்தில் என்ன நடந்தாலும் பார்வை திரும்பக் கூடாது. அந்தப் பழக்கம் பிறகு வேறு ஒரு காரணத்துக்காகத் தேவைப்பட்டது.

மார்டி கிரா: தெரு யாருடையது?

நியூ ஆர்லியன்ஸ் என்றாலே மார்டி கிரா. கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமையன்று ஊரே தெருவுக்கு வந்து கொண்டாடும் திருவிழா. பல வாரங்களுக்கு முன்பிருந்தே ஊர்வலங்கள் தொடங்கிவிடும். இவற்றை நடத்துவது அரசு இல்லை, 'க்ரூ' எனப்படும் தனியார் சங்கங்கள். அலங்கார வண்டிகளிலிருந்து பாசிமணி மாலைகளை வீசுவார்கள். வண்டிகளுக்கு நடுவே பள்ளி பேண்டுகள் வாசித்துக்கொண்டு போகும்.

இந்தச் சங்கங்களில் பெரிய பெயர் ரெக்ஸ். 1872-ல் தொடங்கியது. மார்டி கிராவின் ராஜா என்று பட்டம் சூட்டப்படுபவர் இந்த ஊர்வலத்தில்தான் வருவார். ஊரின் பணக்கார வெள்ளையர்களின் கோட்டையாக இருந்த சங்கம் இது.

கறுப்பினத்தவருக்கு இந்தப் பழைய ஊர்வலங்களில் என்ன இடம்? இரவு ஊர்வலங்களில் தீப்பந்தம் தூக்கிக்கொண்டு நடக்கலாம். கோவேறு கழுதைகளைப் பிடித்துக்கொண்டு வரலாம். அவர்கள் தொடங்கிய ஜூலு சங்கத்தின் ஊர்வலத்துக்கு 1969 வரை பிரதான சாலைகளில் இடமே கிடைக்கவில்லை. 1949-ல் லூயி ஆம்ஸ்ட்ராங் என்ற உலகப் புகழ்பெற்ற கலைஞர் ஜூலுவின் ராஜாவாக வந்தபோதும் இதே நிலைதான்.

குழந்தைகளும் தப்பவில்லை. பள்ளிகளுக்குச் சொத்து எழுதிவைத்த மெக்டொனோ என்பவரின் சிலைக்கு, ஆண்டுதோறும் மாணவர்கள் ஊர்வலமாக வந்து பூ வைப்பார்கள். வெள்ளை மாணவர்கள் எல்லோரும் வைத்து முடிக்கும்வரை கறுப்பின மாணவர்கள் வெயிலில் காத்திருக்க வேண்டும். 1954 மே மாதம் கறுப்பினக் குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பாமல் அந்த விழாவையே புறக்கணித்தார்கள். அந்த ஊரில் யார் எந்தத் தெருவில், யாருக்கு முன்னால் நடக்கிறார்கள் என்பதே அரசியலாக இருந்தது.

1967 பிப்ரவரி 7: அன்று நடந்தது என்ன?

1967 மார்டி கிரா அன்று ரெக்ஸ் ஊர்வலத்தில் செயின்ட் அகஸ்டின் பேண்ட் நடந்தது. ரெக்ஸ் வரலாற்றில் அப்படி நடந்த முதல் கறுப்பினப் பள்ளி பேண்ட் அதுதான்.

இதற்குச் சுமார் ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 1960 நவம்பரில், இதே ஊரில் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுச் சிறுமி வெள்ளையர் பள்ளிக்குப் போவதற்கு அரசு மார்ஷல்கள் காவலுக்கு வர வேண்டியிருந்தது. 1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் மாறிய வேகத்தில் தெருவில் நின்ற கூட்டம் மாறவில்லை.

ஊர்வலப் பாதையில் பையன்கள் மீது பாட்டில்கள் வந்து விழுந்தன. கற்கள் வந்தன. சிலர் காறித் துப்பினார்கள். சிறுநீரை ஊற்றினார்கள். இனத்தைச் சொல்லித் திட்டிய கூச்சல் வாத்திய ஓசைக்கு நடுவிலும் காதில் விழுந்தது. வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் ஹைஸ்கூல் மாணவர்கள்.

அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது ஒன்றுதான்: பதிலடி கூடாது, நடந்துகொண்டே இருங்கள். ஒரே ஒரு பையன் திரும்பிக் கை ஓங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "பார்த்தீர்களா, இவர்களைச் சேர்த்தால் இப்படித்தான்" என்று சொல்ல ஊர் தயாராக இருந்தது. பையன்கள் கை ஓங்கவில்லை. வரிசை கலையவில்லை, வாத்தியங்களும் நிற்கவில்லை.

இந்தக் கதையை வீர வரலாறாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது ஈஸி. இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பெரியவர்கள் உண்டாக்கிய அநியாயத்தைச் சரிசெய்யும் பாரத்தை ஏன் பிள்ளைகளின் தோளில் வைக்க வேண்டியிருந்தது? ரூபிக்கு ஆறு வயது, இவர்களுக்கு அதைவிடப் பத்து வயது கூடுதல். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு என்ன மாறியது?

அதே காலத்தில் இந்தப் பள்ளி இன்னொரு கதவையும் தட்டிக்கொண்டிருந்தது. லூசியானா மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் தங்களைச் சேர்க்க மறுத்ததால் கோர்ட்டுக்குப் போனது. 1968-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பள்ளியின் பக்கமே நின்றது. செயின்ட் அகஸ்டின் பசங்கள் வெள்ளையர் பள்ளிகளோடு ஒரே மைதானத்தில் இறங்கினார்கள்.

பேண்டும் வளர்ந்தது. 1987-ல் போப் இரண்டாம் ஜான் பால் நியூ ஆர்லியன்ஸ் வந்தபோது அவர் முன்னால் வாசித்தது. ஊருக்குள் மார்ச்சிங் 100 வருகிறது என்றால், வண்டியிலிருந்து விழும் மாலைகளை விட்டுவிட்டு மக்கள் பேண்டைப் பார்க்கத் திரும்பும் நிலை வந்தது.

ஆனால் சங்கங்களுக்குள்ளே போவது வேறு கதை. பேண்டாக நடக்கலாம், உறுப்பினராக முடியாது என்பது பல பழைய சங்கங்களில் தொடர்ந்தது. பாகுபாடு காட்டும் சங்கங்களுக்கு ஊர்வல அனுமதி இல்லை என்று 1991 டிசம்பரில் மாநகராட்சி சட்டம் போட்டது. அதை ஏற்பதற்குப் பதிலாக கோமஸ், மோமஸ் என்ற இரண்டு பழைய சங்கங்கள் ஊர்வலத்தையே விட்டுவிட்டன. ரெக்ஸ் தொடர்ந்தது.

ஒழுங்குக்கு இன்னொரு முகம் உண்டா?

உண்டு. மரக்கட்டையால் மாணவர்களை அடிக்கும் தண்டனை இந்தப் பள்ளியில் பல பத்தாண்டுகள் இருந்தது. அமெரிக்காவில் மற்ற கத்தோலிக்கப் பள்ளிகள் கைவிட்ட பிறகும் இங்கே தொடர்ந்தது. அது நிறுத்தப்பட்டு, பேராயர் கிரெகரி அய்மண்டும் அதற்கு எதிராகப் பேசியபோது, 2011-ல் வித்தியாசமான ஒரு ஊர்வலம் நடந்தது. தண்டனை மறுபடி வேண்டும் என்று மாணவர்கள், பெற்றோர், பழைய மாணவர்கள் எல்லாம் சேர்ந்து பேராயர் அலுவலகத்துக்கு நடந்தார்கள்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது ஷாக். ஆனால் வெளியே தெருவில் ஒரு சின்னத் தப்புக்கு உயிரே போகலாம் என்ற பயத்தில் பையன்களை வளர்த்த குடும்பங்கள், கண்டிப்பைப் பாதுகாப்பாகப் பார்த்தன. அந்தப் பயம் நியாயமானது. அடிதான் அதற்கு மருந்தா என்பது வேறு விஷயம்.

2005: தண்ணீரில் போன பேண்ட்

2005 ஆகஸ்ட் 29. கத்ரீனா புயலில் வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து நகரத்தின் சுமார் 80 சதவீதம் மூழ்கியது. பள்ளிக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. வாத்தியங்கள் நாசம். மாணவர்கள் டெக்சாஸ், ஜார்ஜியா என்று சிதறிப் போனார்கள்.

அடுத்த ஜனவரியில் மூன்று கறுப்பினக் கத்தோலிக்கப் பள்ளிகள் ஒரே கட்டடத்தில் ஒன்றாகத் தொடங்கின. செயின்ட் மேரிஸ் அகாடமி, செயின்ட் அகஸ்டின், சேவியர் பிரெப். மூன்றின் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து 'மேக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். மற்ற இரண்டும் பெண்கள் பள்ளிகள். பசங்கள் மட்டுமே இருந்த வரிசையில் பொண்ணுங்களும் சேர்ந்தார்கள். சில வாரங்களே பயிற்சி. 2006 பிப்ரவரி மார்டி கிராவில் மேக்ஸ் பேண்ட் தெருவில் இறங்கியது. வீடு இல்லாமல் திரும்பி வந்த ஊர் மக்களுக்கு, தெருமுனையில் அந்த ட்ரம்ஸ் சத்தம் கேட்டதே பெரிய ஆறுதல்.

அந்த ஆகஸ்டில் செயின்ட் அகஸ்டின் தன் சொந்தக் கட்டடத்துக்குத் திரும்பியது. ஹாம்ப்டன் 2009-ல் காலமானார்.

பழைய மாணவர்கள் என்ன ஆனார்கள்?

பள்ளி பேண்டுகளிலிருந்து தெரு பேண்டுகள் பிறப்பது நியூ ஆர்லியன்ஸில் வழக்கமான ஒன்று. செயின்ட் அகஸ்டின், ஜான் எஃப் கென்னடி ஆகிய இரு பள்ளிகளின் பசங்கள் சேர்ந்து 1996-ல் தொடங்கியதுதான் ஸ்டூஜஸ் பிராஸ் பேண்ட். அதற்கு முன்பே 1983-ல், ஜோசப் கிளார்க் பள்ளி பேண்ட் மாணவர்கள் ரீபர்த் பிராஸ் பேண்டைத் தொடங்கி, 2012-ல் கிராமி வாங்கினார்கள்.

இசையில் போகாதவர்கள்தான் அதிகம். வேலை, குடும்பம் என்று போனவர்கள் மார்டி கிரா சமயத்தில் பாதை ஓரத்தில் வந்து நின்று, தாங்கள் ஒரு காலத்தில் வாசித்த வாத்தியத்தை இப்போது யார் வாசிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள்.

இந்த ஊரில் ஒரு பள்ளி பேண்டுக்கு என்ன மதிப்பு என்பதற்கு இன்னொரு உதாரணம் டினரல் ஷேவர்ஸ். ஹாட் 8 பிராஸ் பேண்டின் ட்ரம்மர். கத்ரீனாவுக்குப் பிறகு ராபுவான் ஹைஸ்கூலில் பேண்டே இல்லாததைப் பார்த்து, தானே ஒன்றை உருவாக்கினார். பசங்கள் கையில் ஏதாவது ஒரு வாத்தியம் இருக்க வேண்டும் என்பதுதான் திட்டம். 2006 டிசம்பர் 28-ல் குடும்பத்தோடு காரில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 25. இரண்டு வாரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வன்முறைக்கு எதிராக மாநகராட்சி அலுவலகத்துக்கு நடந்தார்கள். அவர் தொடங்கிய மாணவர் பேண்ட் அடுத்த மார்டி கிராவில் அவர் இல்லாமலே நடந்தது.

இப்போது?

பாட்டீஸ்ட் 'வி ஆர்' பாட்டை வெளியிட்டது 2020 ஜூனில். ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பிறகு அமெரிக்கத் தெருக்களில் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். அவரும் நியூயார்க் தெருக்களில் வாசித்தபடி நடந்துகொண்டிருந்தார். அந்த நேரத்துக்குத் தன் பழைய பள்ளி பேண்டைவிடப் பொருத்தமான ஆட்கள் கிடைத்திருப்பார்களா?

1967-ல் அந்தப் பசங்கள் நடந்த ரெக்ஸ் பாதையில் லீ சர்க்கிள் என்ற ரவுண்டானா உண்டு. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதி ராபர்ட் லீயின் சிலை அங்கே உயரத் தூணில் நின்றது. 2017 மே மாதம் சிலையை இறக்கிவிட்டார்கள். 2022-ல் இடத்தின் பெயரும் ஹார்மனி சர்க்கிள் என்று மாறியது.

மார்ச்சிங் 100 இன்னும் அந்த வழியாகத்தான் வருகிறது.