பழைய ஜீப் ஸ்டியரிங்ல பிளே: ஸ்பேனரை முதல்ல எங்க வைக்கணும்?

மணப்பாறையில இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அண்ணே, தாத்தாவோட மஹிந்திரா சிஜே3பி ஜீப்பைத் திரும்ப ஓட்ட ஆரம்பிச்சிருக்கேன். தோட்டத்துக்குப் போறப்ப ஒண்ணும் தெரியல. திண்டுக்கல் ரோட்டுல ஏறினா வண்டி அலையுது, பின்னாடி லாரி வந்தா கை வேர்க்குது. ஸ்டியரிங் பாக்ஸ்ல இருக்கிற ஸ்க்ரூவை டைட் பண்ணினா சரியாயிடுமா?"

கடைசியில ஒருவேளை சரியாகலாம். ஆனா அதுல ஆரம்பிக்கவே கூடாது.

மஹிந்திரா 1947ல வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களா இறக்கிப் பூட்ட ஆரம்பிச்சாங்க. சிஜே3பியும் அந்த வம்சம்தான். இதுல உங்க கை அசைவு டயருக்கு நேரா போகாது. பாக்ஸ், அதுல இருந்து ஒரு கை, டிராக் லிங்க், நடுவுல பெல் கிராங்க், அங்கிருந்து ரெண்டு பக்கமும் டை ராடு, அப்புறம்தான் சக்கரம். ஒவ்வொரு மூட்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் தேய்மானம். எல்லாம் கூடித்தான் உங்க கையில 'பிளே'யா வருது.

அதனால எங்க ஆபீஸ்ல பக் தேடுற மாதிரியே தேடணும். இன்ஜினை ஆஃப் பண்ணி, சக்கரம் தரையிலேயே நேரா இருக்கட்டும். ஒருத்தர் உள்ள உக்காந்து வீலை ரெண்டு அங்குலம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆட்டணும். இன்னொருத்தர் கீழ படுத்து, மூட்டு மூட்டா கை வெச்சுப் பாக்கணும். எங்க ஒரு பக்கம் அசைஞ்சு மறுபக்கம் அசையலையோ, அங்கதான் கோளாறு.

இந்த வண்டியில நான் முதல்ல சந்தேகப்படுறது பெல் கிராங்கைத்தான். எல்லா அசைவும் அந்த ஒரே பின் வழியாத்தான் போகுது. மெக்கானிக்குகள் டை ராடு எண்டை மாத்திடுவாங்க, இதை மறந்துடுவாங்க. பின்னும் பேரிங்கும் தேய்ஞ்சிருந்தா மாத்தித்தான் ஆகணும். அப்படியே முன்சக்கரத்தை ஜாக்கியில தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. வீல் பேரிங்கும் கிங் பின்னும் தெரிஞ்சிடும்.

இதெல்லாம் சரின்னா மட்டும் பாக்ஸ். உள்ள ஒரு கேம். அதுல திருகுப் பள்ளம் (மணப்பாறை முறுக்கு மாதிரி தட்டையா இல்ல, திருகாணி மாதிரி நீளவாக்குல). அந்தப் பள்ளத்துல ரெண்டு முளை ஓடும். வீலை மேல இழுத்து கீழ அமுக்கினா ஆடுதா? அப்போ பாக்ஸோட மேல் மூடிக்கு அடியில இருக்கிற ஷிம்மைக் குறைக்கணும். அதுக்கப்புறம்தான் பக்கவாட்டு மூடியில இருக்கிற அந்த ஸ்க்ரூ.

இங்கதான் விஷயமே இருக்கு. பள்ளத்தை வெட்டும்போதே ஓரத்தை விட நடுவுல முளை இறுக்கமா உக்காரும்படி வெட்டியிருப்பாங்க. நேரா ஓடும்போது பிளே இருக்கக் கூடாது, முழுசா திருப்பினா கொஞ்சம் இருக்கலாம். அதனால டிராக் லிங்கைக் கழட்டிட்டு, வீலை சரியா நடுவுக்குக் கொண்டு வந்து, லேசா ஒரு பிடிப்பு தெரியுற வரைக்கும் மட்டும் திருகி, செக் நட்டைப் பூட்டணும். திருப்பின நிலையில டைட் பண்ணினா நடுவுல சிக்கும். நடுவுல சரியா வெச்சும் ஓரத்துக்குப் போகும்போது இறுகுதுன்னா, கேம் நடுவுல தேய்ஞ்சிடுச்சு. இனி ஸ்க்ரூ உதவாது, பாக்ஸைப் பிரிக்கணும்.

தேய்ஞ்ச பெல் கிராங்கை விட்டுட்டு ஸ்க்ரூவை முறுக்கினா என்ன ஆகும்? கைக்கு 'கெட்டியா' தெரியும். ஆனா வளைவுல திருப்பினா ஸ்டியரிங் தானா நேருக்கு வராது. நீங்க இழுப்பீங்க, அது தாண்டிப் போகும், திரும்ப இழுப்பீங்க. முன்ன இருந்ததை விட இது மோசம்.

சட்டம் என்ன சொல்லுது? 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல விதி 98: வீல்ல பிளே 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. 17 அங்குல வீல்னா விளிம்புல கிட்டத்தட்ட நாலரை அங்குலம். ஆர்சி ரின்யூவலுக்குப் போதும், நாலு வழிச்சாலைக்கு என் கணக்குல அது ரொம்ப அதிகம்.

இன்னொண்ணு, பாக்ஸ்ல கியர் ஆயில் ஒழுகுதுன்னு கிரீஸை அடைச்சு வெச்சிருப்பாங்க. முளை ஒதுக்கித் தள்ளின கிரீஸ் பள்ளத்துக்குத் திரும்பி வராது, ஆயில் வரும். சீலை மாத்திட்டு ஆயிலே ஊத்துங்க.